வீடே இல்லாத ஊர்

பிள்ளைகளே, நம் வீட்டுக்கு யாரையாவது வரச் சொன்னால் நீங்கள் போனில் ஒரு புள்ளியை அனுப்பிவிடுகிறீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அட்டெண்டராக இருந்த கணிதத் துறையும், அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மேடம் ஒருநாள் என் விலாசம் கேட்டதும் நினைவுக்கு வருகின்றன. "மர்பி டவுன் மேடம். அதுல மார்க்கெட் பக்கம். கோயில் மணி கேக்குற இடமும் மார்க்கெட் பக்கமும் சேர்ற சந்து" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "டோர் நம்பரே சொல்லாம வாசல்ல கொண்டு விட்டுட்டீங்களே. என் வேலையும் இதேதான்."

எட்டாவதோடு நின்ற எனக்கு, அந்த டீ நேரங்களில் அவர் சொல்லிப் பிடிபட்டது இவ்வளவுதான். எந்தப் பகுதி எதற்குள் அடங்கும், இரண்டு பகுதிகளுக்குப் பொதுவான இடம் எது, சேர்த்தால் எது என்று பார்க்கிற கணக்குக்கு லாட்டிஸ் என்று பெயர். இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத இடத்தின் குணத்தைப் பார்ப்பது டோபாலஜி. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் புள்ளி புள்ளியாக மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் மேடத்தின் புதிய தேற்றம் நின்றது.

அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அவருடைய தற்காலிக வேலை நீடிப்பதும் அந்தப் பேச்சைப் பொறுத்தே இருந்தது. புதுத் தேற்றம் வந்தால் மைசூர்பாகு வாங்குவது எங்கள் துறை வழக்கம். நான் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மேடம் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"சுருக்கிக்கிட்டே போனா கடைசியில ஒரு வீடு, அதாவது ஒரு புள்ளி இருக்கும்னு நெனச்சுட்டேன். பேட்டைக்குள்ள பேட்டையா போய்க்கிட்டே இருக்கு. வீடே இல்லாத ஊரும் உண்டு. காலையிலதான் தெரிஞ்சுது."

"வேற யாருக்காவது தெரியுமா மேடம்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

கூட்டத்தில் அவர் முதலில் சொன்னதே அதுதான்: என் நிரூபணம் தப்பு. பிறகு அந்த வீடில்லாத ஊரைப் பற்றியே கடைசிவரை பேசினார். பின்வரிசையில் இருந்த கிளார்க் என் காதருகே, "சும்னே, வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் குரு. ஸ்வீட்ட உள்ள எடுத்து வை" என்றார். நான் தட்டைத் தூக்குவதை மேடம் பார்த்துவிட்டார். "எங்க எடுத்துட்டுப் போறீங்க? தப்பைக் கண்டுபிடிக்கவும்தான் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன்" என்று முதல் துண்டை அவரே எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள்.

வேலை நீடிக்கவில்லை. கடைசி நாள் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்ததும், அவர் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றச் சொன்னார்கள். ஸ்க்ரூடிரைவரோடு மாடிக்குப் போனேன். யாரும் இல்லை. பலகையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.