கை கட்டி நின்ற மனேஜர்

அடிக்கிறவர்களின் வரிசையை ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பின், காயம் பட்டாலொழிய அதை மாற்ற முடியாது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் எல்லே விதிகளில் இது தெளிவாகவே இருந்தது. விதிகளை எழுதியவர் அப்பா. முழுதாக வாசித்தவரும் அவர் மட்டும்தான்.

எல்லே, அமெரிக்கர்களின் பேஸ்போலுக்கு ஏழைச் சொந்தம். கையுறை இல்லை, ஒரு மூங்கில் தடியும் ஒரு டென்னிஸ் பந்தும் போதும். பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வரவேண்டும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் இருந்த காலத்தில், கோடையில் ஊர்ச் சங்கங்கள் எல்லாம் பூங்காவில் கூடி இதற்காக ஒரு நாள் முழுவதும் சண்டை பிடித்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் அணி மனேஜருக்குப் பெரிய பேர். ஆட்டம் முடியும்வரை கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வென்றால், "பாத்தியளே, மனுசன்ர நிதானத்தை!" என்பார்கள். தோற்றால் மழையைக் குறை சொல்வார்கள். உண்மையில் எங்களை வெல்ல வைத்தவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவர் அடித்த பந்தைத் தேடப் பக்கத்துத் தெருவுக்கு ஆள் அனுப்பவேண்டும்.

"கையைக் கட்டுறதுக்கு ஒரு மனேஜர்! வேலியில நட்ட கதியாலும் அதைத்தானே செய்யுது," என்றார் அப்பா.

"மெல்லமாப் பறையுங்கோ, அவற்ர மனுசிக்குக் கேக்கும்," என்றார் அம்மா.

"கேக்கட்டும்."

அந்த வருட இறுதி ஆட்டம். கடைசி அடி. ஒரு சுற்று ஓடிவந்தால் கிண்ணம் எங்களுக்கு. வரிசைப்படி சித்தப்பாவின் முறை. அவர் தடியை எடுத்துக்கொண்டு நடக்க, சனம் முன்கூட்டியே கைதட்டத் தொடங்கியது. அப்போதுதான் மனேஜர் வாய் திறந்தார்.

"நில்லும். தடியைத் தம்பியிட்டக் குடும்."

தம்பி என்றது, அவருடைய மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையை. மேலதிக ஆட்டக்காரராகப் பெயர் கொடுத்து, புதுச் சப்பாத்தோடு உட்கார வைத்திருந்த கணக்காளர். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் மடிப்புக் கதிரைகளில் இருந்தார்கள்.

தோடம்பழச் சாறு பரிமாறிக்கொண்டிருந்த மனேஜரின் மகள் கையிலிருந்த குவளையைக் கீழே போட்டார். சித்தப்பா மனேஜரைப் பார்த்தார்; பிறகு சாறு வைத்திருந்த மேசைப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தாகம் என்று நான் நினைத்தேன். தடியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்பா கோட்டைத் தாண்டி ஓடினார். "அண்ணை, வரிசை குடுத்தாப் பிறகு மாத்த ஏலாது! ஏன் மாத்தினனீங்கள்? எனக்குப் பதில் வேணும்!"

மனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். "மனேஜர் அண்ணை சொல்லுறார், நான் என்னெண்டு மறுக்கிறது?" என்றார் நடுவர்.

மாப்பிள்ளை அடித்தார். பந்து நேரே மேலே போய், எதிரணிக்காரர் ஒருவரின் கைக்குள் வந்து விழுந்தது. அந்த மனிதர் நின்ற இடத்தை விட்டு அசையவேயில்லை.

மறு ஆட்டம் கேட்டு அப்பா சங்கத்துக்கு எழுதினார். இரண்டு கிழமைக்குள் பதில் தரவேண்டும் என்பதும் விதி. பதில் வரவில்லை.

"விடுங்கோ அண்ணை, விளையாட்டுத்தானே," என்றார் சித்தப்பா.

"விளையாட்டோ? அநியாயமடா!"

எனக்கும் அநியாயமாகவே பட்டது. மறு ஆட்டத்துக்குத் தேவைப்படும் என்று சித்தப்பாவின் தடியை என் கட்டிலுக்குக் கீழே பத்திரப்படுத்தினேன்.

இந்த நாட்டில் பதிவுத் திருமணம் செய்கிறவர்கள் முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி அலுவலகத்தில் போடுவார்கள். ஆட்சேபம் உள்ளவர் வந்து சொல்லலாம். பிற்காலத்தில் அப்படி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் சொல்கிறேன்: அதை ஒருவரும் படிப்பதில்லை. மைதானத்தில் எதுவும் கண்ணுக்குத் தப்பாதவர் என்று பேரெடுத்த மனேஜரும் படிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் கழுத்தில் மாலையோடு சித்தப்பா. பக்கத்தில் இன்னொரு மாலையோடு மனேஜரின் மகள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தேப்பனுக்குத் தெரியுமோடா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்லை, அண்ணை."

பொழுது சாயுமுன் தெரிந்துவிட்டது. மனேஜர் வந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போலத் தொங்கவிட்டபடி வாசலிலேயே நின்றார். மகளைப் பார்க்கவில்லை; அப்பாவைத்தான் பார்த்தார்.

"ஏன் மாத்தினனான் எண்டு கேட்டனீரெல்லோ? இதுக்குத்தான். அண்டைக்கு உம்மட தம்பி அந்தப் பந்தை அடிச்சிருந்தால் சனம் தோளில தூக்கியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால என்ர பிள்ளை அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

அப்பா மெல்லக் கையைக் கட்டிக்கொண்டார்.

நான் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழிருந்த தடியை எடுத்துவந்து சித்தப்பாவிடம் நீட்டினேன். "அப்ப மறு ஆட்டம் எப்ப?"

சித்தப்பா தடியை வாங்கிச் சுவரில் சாத்தினார். அப்பா கேட்ட 'ஏன்?' என்ற கேள்விக்கு, விதிப்படி இரண்டு கிழமைக்குள் வந்திருக்க வேண்டிய பதில் அன்றுதான் வந்து சேர்ந்தது: ஆவணி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.