புள்ளி ஆஸ்பத்திரிக்குப் போனது

காலை 6.52. மாவு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த என் போனின் மேப்பில், புள்ளி திரும்பியது.

அது திரும்ப வேண்டிய இடம் அதுவல்ல. தினமும் ஆனையூரிலிருந்து கிளம்பி, அலங்காநல்லூர் ரோட்டில் சிக்கந்தர் சாவடியைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். இன்று பாதியிலேயே திரும்பிவிட்டது. வேகமும் சரியில்லை. ஓடுகிற மனிதரின் புள்ளி விட்டு விட்டு நகரும். இது வழுக்கிக்கொண்டு போனது...

புள்ளி என்பது என் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று வருடமாக இன்சுலின் போடுகிறார். போன வருடம் ஒரு ஞாயிறு சர்ச் பூசைக்குக் கிளம்பியவர், சட்டை பட்டனைப் போட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கியிருந்தது. ஓடலாம், ஆனால் கையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும், எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஒருவர் நான்.

அதற்காக, ஓடும்போது கட்டும் வாட்ச் வாங்கப் போன கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. இன்னொன்றுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் போனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். விலை பாதி. எதை வாங்கியிருப்போம்? போன்தான் எப்போதும் இடுப்புப் பையில் இருக்குமே!

வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முக்கிலும் புள்ளி திரும்பவில்லை. நேராக ஊருக்குள் போனது. அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவருடைய ஓட்டக் கூட்டாளி யூசுப் பாய்க்குப் போட்டேன். முட்டி தேய்ந்து ஓட்டத்தை நிறுத்தியவர். இப்போது ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலோடு இவர் கூடவே போகிறவர். பிஸி. மறுபடி பிஸி. யாரிடம் பேசுகிறார்... என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்?

புள்ளி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. என் வண்டியை எடுத்தேன்.

நான் இருபது வருடம் பத்திரிகையில் செய்தி மேசையில் உட்கார்ந்தவள். வந்த செய்தியை அப்படியே விடக் கூடாது, யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அன்று நான் எதையும் கேட்கவில்லை. எமர்ஜென்சியில் போய்ப் பெயர் சொன்னேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். ஐசியு? இல்லை. வயது சொன்னேன், சட்டை நிறம் சொன்னேன். அங்கே மேசையில் இருந்த பெண் பாவமாகப் பார்த்து, “வேற ஆஸ்பத்திரியா இருக்கும்க்கா” என்றாள். போனைத் திருப்பி அவளிடம் காட்டினேன். புள்ளி இங்கேதானே இருக்கிறது!

அப்போது மாடிப்படியில் யூசுப் பாய் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“வாங்க தங்கச்சி! அதுக்குள்ள தகவல் வந்துருச்சா? மகளுக்கு வலி வந்துருச்சுன்னு போன் வந்துச்சு, அப்படியே வண்டியத் திருப்பிட்டேன். உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. துவா செய்ங்க.”

“அவர் எங்கண்ணே?”

“யாரு, வாத்தியாரா? அவரு முன்னாடி ஓடிட்டு இருந்தாரு. கத்திப் பாத்தேன், காதுல விழல. வீட்டுக்கு வந்துருப்பாரே.”

“அவர் போன் இங்க இருக்குதுண்ணே.”

பாய் தலையில் கை வைத்தார். “யா அல்லா... டிக்கில!”

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. இடுப்புப் பை குதிக்கிறதாம், ஓட்டம் கெடுகிறதாம். அதனால் பையோடு போனைப் பாயின் டிக்கியில் போட்டுவிடுவாராம். பாய் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தால், வாட்ச்சுக்குச் சிக்னல் கிடைத்துவிடும். மாசக்கணக்காக இந்த ஏற்பாடு. எனக்கு மட்டும் தெரியாது. “என்னைய சாட்டிலைட் பாய்னுதேன் கூப்பிடுவாரு” என்றார் பாவமாக.

வண்டி நிறுத்தத்துக்கு ஓடினோம். டிக்கியில் பை இருந்தது. பைக்குள் போன். போனுக்கு அடியில் குளுக்கோஸ் பொட்டலம், பிரிக்காமல்.

பாயும் கூட வருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். அவரை எங்கே விட்டார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பையோடு கிளம்பினேன்.

திரும்பும் வழியெல்லாம் சிக்னல்கள் சிவப்பு. ஒரு சிக்னலில் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தேன். என் புள்ளியும் அவர் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. விளக்கு மாறியதும் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. மேப்பில் பார்ப்பவர்களுக்கு, கணவனும் மனைவியும் ஒன்றாகக் காலையில் வெளியே கிளம்பியிருக்கிறார்கள்.

போனை அணைத்துப் பையில் போட்டேன். அதன் பிறகு ரோட்டோரம் ஒவ்வோர் ஆளாகப் பார்த்துக்கொண்டே போனேன். உட்கார்ந்திருந்தவர்களை. பிறகு, படுத்திருந்தவர்களை.

சாவடிக்கு முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு கைகளாலும் கிளாஸைப் பிடித்திருந்தார். கிளாஸ் ஆடியது.

பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கி வாயில் கொட்டிக்கொண்டார். கடைக்காரப் பெண்தான் முதலில் பேசினாள்.

“நீங்கதேன் வீட்டம்மாவா? வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. அஞ்சு கரண்டி சீனி போட்டு ஒரு டீ குடுங்க, காசு பெறகு தாரேன்னாரு. இவரு ஓடுறது இளைக்கவா, இல்ல ஈ மொய்க்கவான்னு நெனச்சேன். கையப் பாத்த பெறகுதேன் அள்ளிப் போட்டேன்.”

“வாட்ச்சு கனெக்‌ஷன் போயிருச்சுன்னு காட்டுச்சு,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “பாய் வந்துருவாருன்னு அங்கனயே நின்னேன்.”

“ஏன் நிக்கணும்? அப்பவே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்ல?”

“போன் இல்லாம திரும்பி ஓடுனா மேப்ல ஓடுன கோடு வராதே...”

கோடு! கோட்டுக்காக வெயிலில் நின்றிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் நின்றதால்தான் இந்தக் கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தார். அடுத்த கடை வெகு தூரத்தில். திட்டுவதா, கும்பிடுவதா?

அவரைக் குற்றம் சொல்லி என்ன? புள்ளி சொன்னது, போன் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று. ஆள் இருக்கிறார் என்று அது சொல்லவே இல்லை. அது நான் சேர்த்துக்கொண்டது. ஆளைத் தேட வேண்டிய நேரத்தில் போனைத் தேடிப் போயிருக்கிறேன்.

“இந்தக்கா போன் இருக்குல்ல? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே,” என்றேன்.

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

“போட்டாரும்மா, போடாம என்ன? மூணு தடவ போட்டாரு. மூணும் வேற வேற ஆளு! ஒருத்தன் திட்டவே திட்டிட்டான்.”

அன்று சாயங்காலம் பாய் வீட்டிலிருந்து தகவல் வந்தது. பேத்தி. தாயும் சேயும் நலம். அந்தச் சந்தோஷத்தோடு இரண்டு துண்டு அட்டை வெட்டினேன். ஒன்றில் என் எண்ணைப் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவர் ஓடும் டிரவுசரின் பைக்குள் வைத்துத் தைத்தேன்.

இன்னொன்று என் மணிபர்ஸுக்கு. அதில் அவர் எண்ணை எழுத வேண்டும். போனைத் திறந்து, பார்த்து எழுதினேன்.