எழுபத்திரண்டாம் நம்பர் புளியமரம்

எண்பதுகளின் பின்பாதியில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் வட்டாரமே ரோட்டுக்கு வந்து நின்ற நாட்களில் நடந்தது இது. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில், கள்ளக்குறிச்சி போகிற தார் ரோட்டை ஒட்டியது எங்கள் ஊர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். மறியல் என்றதும் ஊரில் என்னைவிட வேகமாக ஓடியவர்கள் குறைவு. கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல, ஒரு மரத்தைப் பற்றி.

எங்கள் ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாவற்றுக்கும் பட்டையைச் செதுக்கிப் பெயிண்டில் நம்பர் போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் புளியை ஏலம் விடுவதற்காக. மரம் சாய்த்து ரோட்டை மறிப்பது என்று முடிவானபோது, நம் ஊர்க்காரர் யாராவது ஏலம் எடுத்த மரத்தில் கை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏலப் பட்டியலைப் பார்த்து மரத்தைக் காட்டுகிற வேலை, படித்தவன் என்பதால் என்னிடம் வந்தது. எனக்கும் பெருமைதான். விடியற்காலையில் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் பார்த்துப் போனேன். எழுபத்திரண்டாம் நம்பர் வெளியூர்க்காரர் எடுத்தது. நல்ல கிளை விட்டு ரோட்டின் மேல் கவிந்து நின்றது. "இதுதான்" என்றேன்.

காட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். முதல் வெட்டும் நான்தான் போடுவேன் என்று கோடாரியை வாங்கிக்கொண்டேன். பேனா பிடித்த கை. பத்து வெட்டுக்குள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. "விடுப்பா, மரத்துக்குச் சொறிஞ்சி உடறியா?" என்று ஒருத்தன் கேலி செய்தான். ரோஷத்தில் இன்னும் ஓங்கி ஓங்கிப் போட்டேன். கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து சாய்த்தோம். வெயில் ஏறுவதற்குள் போலீஸ் ஜீப் வருவதாகச் சேதி வந்தது. மரத்தை அப்படியே போட்டுவிட்டு மூலைக்கு ஒருவராக ஓடினோம். நான் மணலூர்பேட்டை பக்கம் ஒரு உறவினரின் கரும்புத் தோட்டத்துப் பம்ப்செட் கொட்டகையில் மூன்று நாள் கிடந்தேன்.

என் மனைவி என் தாய்மாமன் மகள்தான். தலைப்பிரசவத்துக்குக் களமருதூரில் தாய்வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பினால், எனக்கு மகன் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய புடவைத் துணிக்குள் பையன். என்னைப் பார்த்ததும் அழவில்லை, கோபிக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

முந்தாநாள் காலையில் திடீரென்று வலி வந்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் போகவே முடியாது என்றார்கள். பஸ் இல்லை, கார் இல்லை. மாமனார் மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினார். எங்கள் ஊர் தாண்டியதும் ரோட்டில் மரம். இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் மழைத் தண்ணீர். வண்டியை இறக்க வழியில்லை. காவலுக்கு ஆள் இருந்திருந்தால் பிள்ளைத்தாய்ச்சி என்று தூக்கியாவது விட்டிருப்பார்கள். ஆளே இல்லை. நாங்கள்தான் ஓடியிருந்தோமே.

"அப்பா கத்தறாரு, கத்தறாரு, ஒத்தரும் வரல மாமா. அப்பதான் ஒரு மலக்காரரு மூட்டையைத் தூக்கிக்கினு நடந்து வந்தாரு. பஸ் இல்லாம சந்தையிலேர்ந்து நடந்தே மலைக்குப் போறாராம். இன்னா ஏதுன்னுகூட கேக்கல. மூட்டைய எறக்கி வெச்சிட்டு, இடுப்புல இருந்த கொடுவாள எடுத்து வெட்ட ஆரம்பிச்சாரு. அப்பா இந்தப் பக்கம், அவுரு அந்தப் பக்கம். கை கிழிஞ்சி ரத்தமா ஊத்துது அவுருக்கு. வண்டி போற அளவுக்கு வழி பண்ணிட்டுத்தான் கையத் தொடச்சாரு."

குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று நர்சம்மா சொன்னாராம்.

"எத்தினியாம் நம்பர் மரம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"எழுவத்திரண்டு. வலியில அந்த நம்பரயே பாத்துக்கினு கெடந்தேன். சாவறப்பகூட மறக்காது. எந்தப் பாவி வெட்டிப் போட்டானோ, அவன் கை வெளங்காம பூடணும்."

குழந்தையை வாங்கக் கை நீட்டியிருந்தேன். அவள் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். "இன்னா மாமா கையில?"

"கரும்பு வெட்டினேன்" என்றேன். அதோடு இரண்டு கைகளையும் மடித்து வைத்துக்கொண்டேன். என் மகனை அன்று நான் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்ததும் பேர் பேச்சு எழுந்தது. மகன் பிறந்தால் அறிவழகன் என்று வைக்க வேண்டும் என்று கல்லூரி நாளிலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் எழுதினால் அழகாக இருக்கும் பெயர். அவளோ, "சடையன்" என்றாள். அந்த மலைக்காரர் போகும்போது மாமனார் கேட்டதற்குச் சொன்ன பெயர் அது.

அம்மா குதித்தாள். "எங்க வம்சத்துல இல்லாத பேரா? மலக்காரன் பேரத் தூக்கிக்கினு வராளே! நாளிக்கிப் பொண்ணு கேட்டுப் போனா எவன் குடுப்பான்?"

"பொறந்து இருவது நாளு ஆவல. அதுக்குள்ள பொண்ணு கேக்கக் கெளம்பிட்டீங்களா அத்த?" என்றாள் இவள்.

நானும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டேன். "பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. நாளைக்கு ஆபீஸ் வாசல்ல போர்டு வைக்கணும். அதுல சடையன்னா நல்லாவா இருக்கும்?"

"மொதல்ல பையன் இருந்தாதான மாமா போர்டு?"

அவள் வாயை அடைக்க எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் பேசினேன். படிப்பு, நாகரிகம், ஊர் வாய். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெயரை வீட்டில் ஒருமுறை யாராவது சொன்னாலே எனக்குக் கோடாரிச் சத்தம் கேட்டது. ஆயுசுக்கும் ஒரு நாளைக்கு நூறு முறை அதைக் கேட்க வேண்டுமா? கள்ளக்குறிச்சி ரோட்டில் போக வேண்டி வந்தால், அந்த வெட்டுக் கட்டையைப் பார்க்காமல் இருக்க வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். "இன்னாடா, செருப்பக் கையில வெச்சிக்கினு வர?" என்று அம்மா கேட்பாள். நான் கால் கழுவப் போய்விடுவேன்.

முப்பதாம் நாள் தொட்டிலிட்டோம். பெயர் மட்டும் முடிவாகவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதென்றால், வெற்றிலை பாக்கு வைத்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் காதில் சொல்ல வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டேன். "போய்த் தேடிப் பார்ப்போம். ஆள் கிடைக்கலன்னா அறிவழகன்தான்" என்றேன். அவ்வளவு பெரிய மலையில் ஒரு சடையனை எங்கே போய்க் கண்டுபிடிப்பது என்ற தைரியம் எனக்கு. அவள் உடனே சரி என்றாள்.

ஒன்றரை மாதக் கைக்குழந்தையோடு கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையத்தில் மாறி, கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலையில் இறங்கி டீக்கடையில் விசாரித்தோம்.

"சடையனா? எந்தச் சடையன்? இங்க ஒரு கல்ல வுட்டா ஏதாவது ஒரு சடையன் மேலதான் வுழும்" என்று சிரித்தார் கடைக்காரர். எனக்கு உயிர் வந்தது. திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "புள்ளத்தாச்சி வண்டிக்காக ரோட்ல மரம் வெட்டுனாரே, அந்தச் சடையன்" என்றாள்.

"அட, அந்த ஆளா! அதயேதான சொல்லிக்கினு திரியறான். எங்களுக்குக் காது புளிச்சிப் போச்சி" என்று ஒற்றையடிப் பாதையைக் கை காட்டினார்.

சாமை அறுத்துக்கொண்டிருந்தார். வயதானவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் வயதுதான் இருக்கும். அவளைப் பார்த்ததும் அறுவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து, குழந்தையின் முகத் துணியை விலக்கிப் பார்த்து, "பொழச்சிக்கினான் பாரு!" என்று தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் பேரா? வேணாம்மா. எனக்கே புடிக்காத பேரு அது. என் பையனுக்கே நான் ரமேஷ்னு வெச்சிருக்கேன்!"

நான் ஜெயித்துவிட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அப்படியே எழுந்து வந்திருந்தால் இன்று என் மகன் பெயர் அறிவழகன்.

அவர் விடாமல் பேசிக்கொண்டே போனார். "அந்த மரத்த வெட்டுனவனுக்கு வெட்டவே தெரிலங்க. ஒரே எடத்துல போடாம கண்ட எடத்துல கொத்தி வெச்சிருந்தான். மரம் முழுசா அறுந்து வுழாம நார்ல தொங்கிக்கினு கெடந்துச்சி. பொரட்டித் தள்ளவும் முடியல, அதான் அவ்ளோ நேரம். எவனோ படிச்ச ஆளு வெட்டுனாப்ல இருந்துச்சி!"

அவளும் சிரித்துவிட்டாள். மலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்து இருவரும் என்னைப் பார்த்தார்கள். "மரத்தைக் காட்டினதும் நான்தான். பட்டியலைப் பார்த்து, எழுபத்திரண்டுன்னு சொல்லி..."

அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்து விரித்துப் பார்த்தாள். கொப்புளம் உரிந்து, தோல் காய்ப்பாகியிருந்தது. "கரும்பு வெட்டுனேன்னு சொன்ன" என்றாள். 'மாமா' என்று சொல்லவில்லை.

சடையன்தான் பேசினார். தரையைப் பார்த்துக்கொண்டே, "பச்ச மரங்க. யாரு வெட்டுனாலும் நேரமாவும்" என்றார்.

அவள் எழுந்து புடவையை உதறினாள். "கெளம்பு. நீ நெனச்ச பேரயே வை. எனக்கு ஒண்ணும் இல்ல."

அறிவழகன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் கையிலிருந்து பையனை வாங்கினேன். பயந்து பயந்துதான் தூக்கினேன். அறுத்துப் போட்ட சாமைக் கதிர்களுக்கு நடுவில் நின்று, அவன் காதில் 'சடையன்' என்று மூன்று முறை சொன்னேன்.

"சொன்னா கேளுங்க, ரமேஷ் நல்ல பேருங்க" என்றார் சடையன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தட்டிலிருந்த வெற்றிலையை அவர் எடுத்துக்கொண்டார்.

மலை இறங்குகிற வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். இனி எப்போதும் பேசவே மாட்டாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். கச்சிராயபாளையத்தில் இறங்கி நின்றோம். கள்ளக்குறிச்சி பஸ் வர நேரமானது. கை மாற்றி மாற்றிப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலேயே நீட்டினாள்.

"சடையன கொஞ்சம் புடி. கை வலிக்குது."

அவள் மறுபடி 'மாமா' என்று கூப்பிட அதற்கப்புறம் பல மாதங்கள் ஆயின. அம்மா இன்றுவரை பேரனை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை, "தம்பி" என்பதோடு சரி. இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் பேனாவை நிறுத்தி, "இது வீட்டுல கூப்புடற பேரா, சர்டிபிகேட் பேரா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றேன்.

பையன் சரியான வால். நாள் முழுக்க அவன் பின்னாலேயே அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். "டேய் சடையா!" என்று அவள் கோபமாகக் கத்தும்போதெல்லாம், அவனுக்கு முன்னால் இன்னும் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.