துர்க்காவின் பட்டியல்

அஜின்கோர்ட் தேவாலய மண்டபத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் கூடி ஆடும் கெய்லிக்கு வயலின் வாசித்தவர்களில், 1996 வரைக்கும் கோணேஸ்வரன் ஒருவர்தான் தமிழர். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் பெட்டி மடிப்பார். சனிக்கிழமைகளில், எந்த நடனத்துக்கு எந்த மெட்டு என்று குழுவுக்குப் பட்டியல் போடுவார். ஐந்து வருடமாக அவர் சொல்லுக்கு ஆட்கள் அசைந்த ஒரே இடம் அதுதான். பிறகு துர்க்கா வந்தாள். இருபது வயது, அவளும் வயலின். குழுத்தலைவி மார்கரெட் பட்டியல் போடும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டாள்.

"சரியோ எண்டு ஒருக்கா பாருங்கோ அங்கிள்," என்று துர்க்கா தாளை நீட்டினாள்.

வேகமாக ஓடி ஆடும் நடனங்கள் மூன்று அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கு மேல் போனால் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"ஓம், நல்லாயிருக்கு," என்றார்.

அன்று மாலை மூன்றாவது நடனத்தில் பாதிப்பேர் கதிரைகளில் போய் விழுந்தார்கள். துர்க்கா வாசிப்பை நிறுத்தி, கலங்கிய முகத்தோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், இப்ப என்ன செய்யிறது?"

அந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தார். பார்த்தபோது இனிக்கவில்லை. மெதுவான வால்ஸ் நடன மெட்டு ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு சோடியாக எழுந்து வந்தார்கள்.

"நல்ல தெரிவு!" என்று மார்கரெட் துர்க்காவின் தோளில் தட்டினாள்.

"என்ர இல்லை, அங்கிளின்ர," என்று உடனே சொன்னாள் துர்க்கா.

தோளில் தட்டியதைக்கூடப் பொறுத்திருப்பார். அந்த நேர்மையைத்தான் கோணேஸ்வரனால் பொறுக்க முடியவில்லை.