பட்டு வேண்டாம்

தொழிற்சாலையில் முப்பது வருடம் எனக்கு ஒரே வேலை. வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதித்து, சரியில்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது. நான் ஓய்வு பெற்றதும் அந்த வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு தலையணை உறை வாங்குவதற்கும் யார் நெய்தது, அவருக்கு என்ன கூலி, சாயக்கழிவு எங்கே போகிறது என்று கேட்பாள். கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். பாதி நாள் வெறும் பையோடு வீடு திரும்புவோம்.

பட்டு கட்டுவதை அவள் விட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. "ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் புழுவ வெந்நீர்ல போடறாங்க தெரியுமா?" தெரியும், அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். கோலார் பக்கம், பட்டுப்புழு வளர்க்கும் ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச ஒரு தைரியம் வேண்டும்.

நோய் முற்றிய பிறகு ஒரு நாள் சொன்னாள்: "நான் போனா என் மேல பட்டு போடக் கூடாது. பீரோவுல அந்தக் கைத்தறி இருக்கு, அத கட்டுங்க."

"எழுதிக் கொடு" என்றேன். கிண்டல்தான். அவள் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அவள் போன அன்று காலை அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. யாரோ நாற்காலி எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னேன்.

அவள் தம்பி மாரிகுப்பத்திலிருந்து வந்தான். பெங்களூரில் வாட்ச்மேன். விடியற்கால ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவன். குளிப்பாட்டிய உடம்புக்குத் தாய்வீட்டுக் கோடிப் புடவையைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் பிரித்த பொட்டலத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை இருந்தது. மடிப்பு ஓரங்கள் வெளுத்திருந்தன. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆறு வருடம் முன்பு தன் மகள் கல்யாணத்தில் அக்காவுக்கென்று எடுத்தது. அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு பட்டு கட்டறதில்லன்னு சாக்கு சொல்லிச்சு மாமா. வாட்ச்மேன் எடுத்த பொடவை இன்னா பொடவைன்னுதானே? இன்னிக்கு வேணாம்னு சொல்லட்டும், பாக்கலாம்."

சிரிக்கத்தான் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது.

காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கலாம். அக்கா சொன்னது சாக்கு இல்லை என்று அவனுக்கும் புரிந்திருக்கும். ஆனால் காட்டினால் புடவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டாம் முறையாக, அத்தனை பேர் முன்னால். லாரி லாரியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பியவன் நான்.

"மாமா, கட்டச் சொல்லலாமா?"

"சொல்லுப்பா."

பெண்கள் சுற்றிக் கட்டினார்கள். அந்த நிறம் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும், முறைப்படி, உடுத்தியிருந்த துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். காகிதம் பையில் இருப்பது நினைவிருந்தது. எடுக்கவில்லை.

கருமாதி அன்று பீரோவிலிருந்த கைத்தறிப் புடவையை அவள் தம்பியின் மனைவியிடம் கொடுத்தேன். அவள் தடவிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ சொரசொரன்னு கீது?"

"வாங்கிக்கடி, அக்கா பொடவைடி" என்றான் அவன். அன்றைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. என்னைப் பார்த்து, "கடைசில என் பொடவையத்தான் கட்டிக்கினு போச்சு, இல்ல மாமா?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

இனி அவனிடம் எதையும் சொல்ல முடியாது. கைத்தறிப் புடவையின் முந்தானையில் நெய்தவர் பெயர் போட்ட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கம் இருந்ததைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முதல் மூன்று முறை தனியாக அலச வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும்.