ஊருணிக் குப்பையின் கணக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த ஊருணியில் அச்சாபீஸ் காகிதமும் தீக்குச்சிக் கழிவும் ஓயாமல் வந்து மிதந்தன. எந்தப் படித்துறையில் என்ன குப்பை, எத்தனை கூடை என்று வாராவாரம் எழுதினால், எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம் என நினைத்தேன். துப்புரவு மேஸ்திரிகள் நான்கு பேரைச் சனிக்கிழமைதோறும் உட்காரவைத்து, கட்டம் போடவும் ஒரு வாரத்தை மறுவாரத்தோடு ஒப்பிடவும் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் தொண்டை வற்றக் கத்தியதுதான் மிச்சம். காகிதம், குச்சி, இலை என்று பிரித்து எழுதச் சொன்னால், எல்லாவற்றையும் சேர்த்துக் 'குப்பை' என்றே எழுதினார்கள். வடக்குப் படித்துறை மேஸ்திரி இன்னும் மோசம். எட்டு வாரமும் அவர் தாளில் ஒரே எண்.

"ஏன்யா, மழை பெஞ்ச வாரமும் பத்துக் கூடை, வெயிலடிச்ச வாரமும் பத்துக் கூடையா?" என்று தாளை மேசையில் அறைந்தேன்.

அவர் தலை நிமிரவில்லை. "கூட எழுதுனா, ஒழுங்கா கூட்டலைன்னு ஆபீஸ்ல வைவாகய்யா. கொறைச்சு எழுதுனா, வேலையே பாக்கலைம்பாக."

இதைக் கேட்க எனக்கு எட்டு வாரம் ஆகியிருந்தது. "உண்மையை எழுதுங்க. உங்க மேல ஒண்ணும் வராது. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

எழுதினார். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, நான் கேட்காமலே தாள்களை வரிசையாகப் பரப்பினார்.

"மழை பெஞ்ச வாரம்தான்யா காகிதம் எம்புட்டோ கூடுது. வேற பக்கம் இல்ல, ஓடை வந்து விழுற எங்க படித்துறையில மட்டும். காலண்டர் ஆர்டர் சீசன்ல அச்சாபீஸ்காரக வெட்டுன துண்டையெல்லாம் ஓடையில தள்ளுதாக."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அன்றே அவர் சொன்னதை அறிக்கையாக எழுதி, தாள்களோடு மேலே அனுப்பினேன்.

பத்தாம் நாள் ஒரு மெமோ வந்தது. அச்சாபீசுக்கு அல்ல, மேஸ்திரிக்கு. அவர் பகுதியில் மட்டும் குப்பை மிகுந்திருப்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஓடிப்போய் மேலதிகாரியிடம் சண்டை போட்டேன். "அவரு கைப்பட எழுதுனதுதானவே?" என்றார். அச்சாபீசைப் பற்றி எழுதியிருந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவர் திருப்பவே இல்லை.

மேஸ்திரியைத் தேடிப் போனபோது ஓடை ஓரம் காகிதத்தை அள்ளிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீக. இனிமே என்னைய எழுதச் சொல்லாதீக" என்றார். அடுத்த சனிக்கிழமை நால்வரில் ஒருவரும் வரவில்லை.