வளைவுக்கு முன்னால் இரண்டு ஹார்ன்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுப் பக்கம் நடந்தது இது. என் மனைவி அப்போது அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். எங்கள் வீடு பொன்னேரியில். காலையில் அவள் பஸ்ஸில் போய்விடுவாள். மாலையில் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் நான் காரில் போய் அழைத்து வருவேன். நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த எனக்கு, ஒரு நாளில் நேரம் தவறாமல் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை அதுதான்.

எங்கள் கார் பழையது. ஓடும், குளிர்காலத்தில் மட்டும் கிளம்ப அடம் பிடிக்கும். அதன் முகப்பு விளக்குகள் நேராக முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் சாலை ஏரியை ஒட்டியே வந்து, ஓர் ஒற்றைப் பனைமரத்தைத் தாண்டியதும் சட்டென்று இடது பக்கம் வளையும். அந்த இடத்தில் காரின் வெளிச்சம் முழுவதும் வலப்பக்கத்து உப்புத் தரையில் போய் விழும். இடப்பக்கம் சாலைக்கும் ஏரிக்கும் நடுவே சீமைக்கருவேலம் புதர்கள் உண்டு. வளைவை முடிக்கும்வரை அந்தப் பக்கம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது.

ஒரு மாலை அந்த வளைவில் ஒருவரை இடிக்கப் பார்த்தேன். சைக்கிளில் வலையைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தவர், இருட்டுக்குள்ளிருந்து திடீரென்று கார்க் கண்ணாடிக்கு அருகே முளைத்தார். பிரேக் பிடித்தேன். சைக்கிள் சாய்ந்தது, அவர் சாயவில்லை. என்னைத் திட்டிவிட்டு வலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனார்.  

மறுநாளே பொன்னேரியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். புதிய கார்களில் வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தனியாக ஒரு விளக்கு எரியுமாமே, அதைப் பழைய காரில் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"வண்டி ஹார்ன் அடிக்கவே முக்குது. லைட்டு மட்டும் ஃபாரின் கேக்குதா சார்?" என்றார். ஆனால் வைத்துக் கொடுத்தார். முன்பக்க பம்பருக்குக் கீழே, பக்கவாட்டைப் பார்த்தபடி இரண்டு வெள்ளை விளக்குகள். இடது இண்டிகேட்டரைப் போட்டால் இடது விளக்கு, வலதைப் போட்டால் வலது விளக்கு. இண்டிகேட்டர் மினுக்கினாலும் விளக்கு மினுக்காமல் நின்று எரியும்படி உள்ளே ஏதோ ஒரு ரிலே வைத்திருந்தார்.

அன்று மாலையே சோதித்துப் பார்த்தேன். பனைமரத்தைத் தாண்டி, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன் இடது இண்டிகேட்டரைத் தட்டினேன். அதுவரை கறுப்பாக மட்டுமே பார்த்திருந்த அந்த மூலை பகல் போலத் தெரிந்தது. அதில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறி, ஈரத்துணியைக் களைந்து உலர்ந்த துணிக்கு மாறிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்திருந்தாள். ஒரு கணம் எல்லோரும் அப்படியே உறைந்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகக் குந்தினார்கள்.

விளக்கை அணைக்கப் போனேன். பதற்றத்தில் கை மாறி வைப்பர் ஓடியது. ஒரு சேற்றுருண்டை வந்து கதவில் அறைந்தது.

"நிக்காதீங்க, போங்க," என்றாள் மனைவி. கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுல ரெண்டு பேரு எங்கிட்ட வைத்தியத்துக்கு வர்றவங்க. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்கள பாக்கறது?" என்றாள்.

மறுநாள் அவர்கள் சாலையிலேயே நின்றார்கள். அத்தனை பேரும். நடுவில் நின்றவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். உயரமானவள். இறால் போட்டு வைக்கும் பனையோலைப் பறி கையில் தொங்கியது. காரை நிறுத்தினேன். அவள் என் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்தாள்.

"இன்னா சார், நேத்து சினிமா நல்லா இருந்திச்சா?"

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன். இதே வளைவில் இரண்டு நாள் முன்பு சைக்கிளில் வந்த ஒருவரை இடிக்கப் பார்த்ததையும், அதற்காகத்தான் விளக்கு வைத்ததையும் சொன்னேன்.

"வலைய கட்டிகினு வந்தானே, அவனா? அது எங்கூட்டுக்காரன்தான்."

"ஐயோ, அடி ஏதாவது பட்டுச்சா?"

"படல. பட்டிருந்தா ரெண்டு நாளு குடிக்காம கெடந்திருப்பான். அவன வேணா நல்லா இடிச்சிக்கோ சார். இந்தாண்ட மட்டும் லைட்டு அடிக்காத."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் மனைவியும் சிரித்தாள். சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நாள் முச்சூடும் தண்ணில ஒக்காந்துகினு சேத்த தடவினு கீறோம் சார். ஈரத்துணியோட ரோட்டு மேல போனா டீக்கடையாண்ட ஒக்காந்திருக்கிற அத்தினி பேரும் எங்களத்தான் பாப்பானுங்க. எந்த வண்டி எப்படி வந்தாலும் லைட்டு அந்தாண்ட உப்புத் தரையிலதான் வுழும். இந்த மூல இருட்டாவே கெடக்கும். நான் கல்யாணம் பண்ணிகினு வந்த நாள்லேர்ந்து இங்கதான் துணி மாத்தறோம். இது எங்க ரூமு சார். ரூமுல வந்து லைட்டு போட்டா?"

இன்னும் முழுதாக இருட்டாத மங்கலில் நான் அந்தப் புதர்களைப் பார்த்தேன். விபத்து நடக்கக்கூடிய இடம் என்று அதுவரை நான் குறித்து வைத்திருந்த மூலை. ஒரு கிளையில் உலர்ந்த சேலைகள் மடித்துத் தொங்கின. அடியில் கால் கழுவ ஒரு பிளாஸ்டிக் குடம். ஒரு சோப்புப் பெட்டி. எத்தனையோ மாலைகள் அவற்றை ஒட்டியே காரில் போயிருக்கிறேன்.

"அப்ப இவரு எப்பிடித்தான் வர்றது? இருட்டுல யாராவது குறுக்க வந்துட்டா?" என்று கேட்டாள் மனைவி.

அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. "பனமரத்தாண்ட நின்னு ரெண்டு ஆரன் அடிக்கச் சொல்லு நர்ஸம்மா. வான்னா வரட்டும். இருன்னா இருக்கட்டும். ரோட்டுல ஆளு இருந்தா நாங்க சொல்லமாட்டமா?"

எலக்ட்ரீஷியனிடம் மறுபடி போய், அந்த விளக்குகளைத் தனியாக அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னேன். "போன வாரம் வேணும்னீங்க. இந்த வாரம் வேணாம்ங்கறீங்க. வூட்ல எதனா சண்டையா சார்?" என்றபடியே டேஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்சைப் பதித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. பனைமரத்தருகே நிறுத்தி இரண்டு ஹார்ன் அடிப்பேன். இருட்டிலிருந்து "வா!" என்றோ "இரு!" என்றோ குரல் வரும். "இரு" என்றால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம். சில நாள் கேலியும் வரும். மனைவி விடுப்பில் இருந்தபோது ஒரு வேலையாகத் தனியே அந்த வழியில் போனேன். "இன்னா சார், நர்ஸம்மாவ காணோம்? வூட்ட வுட்டு தொரத்திட்டாங்களா?" என்று இருட்டு கேட்டது. யார் கேட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். மாலை பனைமரத்தருகே நிறுத்தி ஹார்ன் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். வா என்றும் வரவில்லை, இரு என்றும் வரவில்லை. மழைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து மெல்ல நகர்ந்தேன். வளைவின் தொடக்கத்தில் அந்த உயரமான பெண் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், லைட்ட போடு! அந்த லைட்ட போடு! நர்ஸம்மா, எறங்கு, எறங்கு. பொண்ண திருக்க குத்திடிச்சி!"

அந்தப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனின் வால்முள் கத்தி போன்றது. அன்று அது, அவர்களில் எல்லோரையும்விட இளையவளின் தொடையில், மேலே, இறங்கியிருந்தது. வீட்டில் அவளுக்குக் கைக்குழந்தை. தூக்கிக்கொண்டு வந்து அந்த மூலையில் கிடத்தியிருந்தார்கள். ஏரியில் இறங்குகிறவர்கள் போன் எடுத்துப் போவதில்லை. ஈரம் எது, ரத்தம் எது என்று இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சிவப்பு சுவிட்சைப் போட்டேன். இடது இண்டிகேட்டரைத் தட்டினேன். வெளிச்சம் அந்த மூலையில் விழுந்தது. எதையும் நான் பார்ப்பதற்குள் அந்த உயரமான பெண் என் கண்ணாடிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"லைட்ட போடு சார். கண்ண மூடு."

மூடினேன்.

பல ஆண்டுகள் செய்திகளுக்காகச் சம்பவ இடங்களுக்குப் போய்ப் பார்த்து எழுதியவன் நான். இந்த ஒன்றை மட்டும் காதால் அறிந்தேன். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கூரையில் தூறல். "துணிய கிழிங்க, அவிழ்க்க வேணாம்" என்று என் மனைவியின் குரல். "முள்ளு உள்ள ஒடைஞ்சி நிக்குது. யாரும் இழுக்காதீங்க." துணி கிழியும் சத்தம். "இங்க அழுத்து. விடாத. என்ன ஆனாலும் விடாத." குத்துப்பட்ட பெண் அலறவில்லை. "எரியுதுக்கா, எரியுதுக்கா" என்று மட்டும் சன்னமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி, "உம் புள்ளைக்கு நான் பாலு குடுத்துக்கிறேன், நீ கண்ண தொறந்துகினே இரு" என்றாள்.

"வெளிச்சம் கொறையுதுங்க!" என்று மனைவி கத்தினாள்.

பழைய பாட்டரி. எஞ்சின் வேகம் இறங்கினால் விளக்கு மங்கும். கண்களை மூடியபடியே ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஒரு காலை அழுத்தி வைத்திருப்பது, இமைகளை அழுத்தி வைத்திருப்பது. டிக் டிக் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பின்கதவு திறந்தது. கார் எடை தாங்காமல் இறங்கியது. "கண்ண தொற சார். வுடு வண்டிய."

பின் இருக்கையில் மனைவி காயத்தின் மேல் இரு கைகளையும் வைத்து அழுத்தியபடி இருந்தாள். அந்தப் பெண்ணின் தலை உயரமானவளின் மடியில். உடம்பு முழுவதும் யார் யாருடையவோ உலர்ந்த சேலைகள் சுற்றியிருந்தன. மற்றவர்கள் ஈரத்துணியோடு சாலையில் நின்றார்கள். அன்று எந்த வளைவிலும் நான் சுவிட்சை அணைக்கவில்லை. மனைவியின் சிறிய மருத்துவமனையில் இதற்கு வசதி இல்லாததால் பொன்னேரிக்கே ஓட்டினேன். அங்கே அரசு மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். முள் பெரிய ரத்தக்குழாயை உரசி நின்றிருக்கிறது, அங்கேயே இழுத்திருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டாள் என்று பிறகு மருத்துவர் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த நாள் மாலை பனைமரத்தருகே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுவிட்சை அணைத்தேன், இரண்டு ஹார்ன் அடித்தேன். "வா!" என்றது வழக்கமான குரல். கடந்து போகையில், "பொழச்சிகினா சார். ஆஸ்பத்திரில புள்ள பக்கத்துல படுத்துகினு கீறா" என்று இருட்டிலிருந்து சேர்த்துச் சொன்னது.

பொங்கல் முடிந்து வெகு நாள் கழித்து ஒரு மாலை, எங்கள் ஹார்னுக்கு, அதுவரை பதில் சொல்லியிராத ஒரு சன்னமான குரல் பதில் தந்தது. "இரு சார்! இன்னும் ஒருத்தி கட்டினு கீறா!" மனைவி என் கையைப் பிடித்தாள். எரியுதுக்கா என்று முனகிய அதே குரல். அன்று அவர்கள் எங்களை வெகு நேரம் காக்க வைத்தார்கள். நாங்கள் இருந்தோம்.

இப்போது மனைவிக்கு வேலை வேறு இடத்தில். அந்த வழியில் போவது குறைந்துவிட்டது. புது கார் வாங்கச் சொல்லி மகன் ஒரு ஷோரூமுக்கு அழைத்துப் போனான். ஸ்டியரிங் திரும்பினால் விளக்கும் தானாகவே திரும்பி மூலையைக் காட்டும் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். அதை அணைத்து வைக்க சுவிட்ச் உண்டா என்று கேட்டேன்.

"அதப்போய் யாரு சார் ஆஃப் பண்ணுவாங்க?" என்று சிரித்தார்.

 என் கையில் வெளிச்சம் இருக்கும் எந்த இடத்திலும், அதைப் போடுவதற்கு முன், பனைமரத்தடியில் எஞ்சினை அணைத்துவிட்டு இருட்டின் குரலுக்காகக் காத்திருந்த அந்த நிமிடங்கள் எனக்கு நினைவு வருகின்றன. அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்காமல் என் கை இன்றும் சுவிட்சுக்குப் போவதில்லை.